பாத்டப் கண்ணாடிக் கதவை நாமே கழற்றுவது எப்படி?

பெங்களூரின் பழைய பெரிய ஃபிளாட்டுகள் சிலவற்றில் பாத்டப் இருக்கும், அதன் விளிம்பின் மேல் பக்கவாட்டில் தள்ளும் இரட்டைக் கண்ணாடிக் கதவும் இருக்கும். ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மாவை உட்கார வைத்துக் குளிப்பாட்ட வேண்டி வந்தால் அந்தக் கதவு பெரிய இடைஞ்சல். எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். கால் தூக்கி வைக்கும் இடத்தில் அலுமினிய ரெயில் துருத்திக்கொண்டிருக்கும். தடுமாறிக் கதவைப் பிடித்தால் அதுவும் நகரும். வயதானவர்கள் புழங்கும் வீட்டில் அதைக் கழற்றிவிடுவதுதான் நல்லது. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும்.

வாடகை வீடு என்றால் முதலில் ஓனரிடம் கேளுங்கள். கழற்றியவற்றை ஸ்குரூ உட்பட பத்திரமாக எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்ள இது ஒரு காரணமாகிவிடக் கூடாது.

தேவையான சாமான்: ஸ்டார் ஸ்குரூ டிரைவர், பேப்பர் கட்டர், பிளாஸ்டிக் பட்டி பிளேடு, ரப்பர் சுத்தியல், டபிள்யூடி-40, அகலமான மாஸ்கிங் டேப், தடித்த கையுறை, ஷூ, பழைய போர்வைகள். டப்புக்குள் அட்டை விரித்து, தண்ணீர் போகும் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள். ஸ்குரூ உள்ளே விழுந்தால் எடுப்பது பெரும்பாடு.

கண்ணாடியை இறக்குவது

முழுக் கவனமும் இங்கேதான் வேண்டும். 6 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோ எடை இருக்கும். 75 சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள ஒரு கதவு ஏறக்குறைய 17 கிலோ. ஈரக் கையோடு, தனியாளாகத் தூக்கவே தூக்காதீர்கள்.

மூலையில் சின்னதாக முத்திரை இருந்தால் அது டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடேற்றி உறுதியாக்கியது. நடுவில் ஓரளவு அடி தாங்கும், ஆனால் ஓரத்தில், அதிலும் மூலையில், டைல்ஸ் மேல் லேசாக இடித்தாலே மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடலாம். முத்திரை இல்லாவிட்டால் சாதாரணக் கண்ணாடியாகவும் இருக்கலாம். அது கத்திபோல் நீளநீளமாக உடையும், இன்னும் ஆபத்து. எதுவானாலும் இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள். டேப் உடைவதைத் தடுக்காது, உடைந்தால் சில்லு சிதறுவதைக் குறைக்கும்.

கீழ் ரெயிலின் நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வழிகாட்டி இருக்கும். அதன் ஸ்குருவைக் கழற்றுங்கள். பிறகு ஒருவர் டப்புக்குள் நின்று உள்பக்கக் கதவின் இரண்டு ஓரங்களையும் பிடித்து நேராக மேலே தூக்க வேண்டும். ரோலர் மேல் ரெயிலை விட்டு வெளியே வந்ததும் கீழ்ப்பக்கத்தைத் தன் பக்கமாக இழுத்தால் கதவு கையோடு வந்துவிடும். வெளிக் கதவை அதேபோல் வெளியே நின்று எடுக்கலாம். மேலே தூக்க வரவில்லையா? ரோலரில் உப்புக் கறை இறுகியிருக்கும். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் இது சகஜம். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் ரோலரில் சுற்றி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முரட்டுத்தனம் வேண்டாம்.

இறக்கிய கதவை வெறும் தரையில் வைக்காமல், போர்வை மடிப்பின் மேல் சுவரோரமாகச் சாய்த்து, குழந்தைகள் போகாத அறையில் வையுங்கள்.

சட்டத்தை (ஃபிரேமை) கழற்றுவது

மேல் ரெயில் பெரும்பாலும் இரண்டு பக்கச் சட்டங்களின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அடியிலிருந்து ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் எழும்பும். பக்கச் சட்டங்களைச் சுவரோடு ஸ்குரூ பிடித்திருக்கும். துரு இருந்தால் டபிள்யூடி-40 அடித்து, சற்றுப் பொறுத்துத் திருப்புங்கள். அப்புறம் சட்டத்தின் இருபுறமும் உள்ள சிலிகானை (இடைவெளியை அடைத்திருக்கும் ரப்பர் போன்ற பசை) கட்டரால் கீறிவிட்டு இழுங்கள்.

கீழ் ரெயிலைப் பெரும்பாலும் சிலிகான் மட்டும்தான் பிடித்திருக்கும். கட்டரால் நீளவாக்கில் கீறி, பட்டி பிளேடை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஹேர் டிரையர் சூடு காட்டினால் இளகும். டப் அக்ரிலிக் என்றால் இரும்பு பிளேடும் வேண்டாம், அசிட்டோனும் வேண்டாம். அசிட்டோன் அக்ரிலிக்கைக் கரைத்துவிடும். மிச்சமிருக்கும் சிலிகானைச் சுரண்டப் பொறுமை வேண்டும், நேரம் அதிகம் போவது இதில்தான்.

ஸ்குரூ இருந்த ஓட்டைகளை அடைக்காமல் விடாதீர்கள். அந்த வழியாகச் சுவருக்குள் இறங்கும் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில் கறையாகத் தெரியும். ஸ்குரூ ஏறியிருந்த பழைய பிளாஸ்டிக் பிளக்கைப் பிடுங்கி, துளையை எம்-சீலால் நிரப்பி, காய்ந்ததும் மேலே கொஞ்சம் சிலிகான் பூசுங்கள். ஒரு நாள் தண்ணீர் படாமல் விட்டால் போதும்.

பிறகு ஸ்பிரிங் கம்பியில் திரை போட்டுக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கம்பி ஆள் எடையைத் தாங்காது. அம்மா பிடித்துக்கொள்ளச் சுவரில் தனியாக ஸ்டீல் கைப்பிடி வையுங்கள். ரப்பர் கப்பை அழுத்தி ஒட்ட வைக்கும் (சக்‌ஷன்) வகை வேண்டாம். பழைய ஓட்டைகளையும் பயன்படுத்தாமல், புதிதாகத் துளையிட்டு ஸ்குரூ போட்டு இறுக்குவதுதான் நம்பகமானது.