ஸ்டில்பைட்தானா? வீட்டுத் தராசிலேயே பார்த்துவிடலாம்

பீச் நிறக் கல் ஒன்றை ‘ஸ்டில்பைட்’ என்று சொல்லி உங்களிடம் விற்றிருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்கும் கனிமம் அது; உள்ளே தண்ணீர் வைத்திருக்கும் ‘சியோலைட்’ என்ற கனிமக் குழுவைச் சேர்ந்தது. சென்னைக்கு வருவது பெரும்பாலும் மகாராஷ்டிரத்திலிருந்துதான்: நாசிக், ஜல்காவ், புனே பக்கத்துக் கல் குவாரிகள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்தபோது வாயுக் குமிழிகள் விட்டுப்போன பொந்துகளில் பிறகு வளர்ந்த படிகம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் சுத்தியலோடு தேடிப் பயனில்லை. அங்கே இருப்பது பூமியின் ஆழத்தில் உருவான சார்னகைட் என்ற பாறை. அதில் அந்தப் பொந்துகளே கிடையாது.

முதலில் கண்ணால் பாருங்கள். நடுவில் கயிறு கட்டிய நெற்கதிர்க் கட்டு மாதிரி இடுப்பு ஒடுங்கி இரண்டு முனையும் விரிந்திருந்தால் நல்ல அறிகுறி. வெள்ளை, கிரீம், பீச், இளஞ்சிவப்பு எல்லாம் இயல்பான நிறங்கள். பளிச்சென்ற நீலம் என்றால் சாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவேலை சந்தேகம் இருந்தால், ரூபாய் நோட்டு பார்க்கிற யூவி டார்ச்சை இருட்டில் அடியுங்கள். பசைகள் பல நீலவெள்ளையாக ஒளிரும்.

அடுத்தது கீறல், கல்லின் பின்பக்கத்தில் மட்டும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஸ்டில்பைட் 3.5 முதல் 4 வரை. நகம் கீறாது, கத்தி கீறும். கத்தியும் கீறவில்லையென்றால் குவார்ட்ஸாக இருக்கலாம்.

இனி தராசு. எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இதுதான், செலவும் இல்லை. கரும்பாறை ஒட்டாத துண்டு வேண்டும்; பாறை ஒட்டியிருந்தால் கணக்கு கூடிவிடும். முதலில் கல்லைக் காய்ந்தபடியே எடை போடுங்கள். பிறகு சமையலறை டிஜிட்டல் தராசில் தண்ணீர் உள்ள டம்ளரை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். தையல் நூலில் கல்லைக் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். மேலே ஒட்டிய காற்றுக் குமிழிகளை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு எண்ணைப் படியுங்கள். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது. 33 கிராம் கல்லுக்குத் தராசு 15 காட்டினால் 2.2. ஸ்டில்பைட் 2.1 முதல் 2.2 வரை இருக்கும். குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.71. கல் 10 கிராமுக்கும் குறைவு என்றால் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு தேவை.

ஏன் இவ்வளவு லேசு? சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த கூண்டு போன்ற அமைப்பு. உள்ளே காலி இடம், அதில் தண்ணீர் மூலக்கூறுகள். சூடாக்கினால் அந்தத் தண்ணீர் ஆவியாக வெளியேறும். ஸ்வீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் 1756-ல் இதைப் பார்த்துத்தான் சியோலைட்டுகளைத் தனிக் குழுவாகப் பிரித்தார்.

ஒன்று கவனிக்கணும். ஹியூலண்டைட் என்ற இன்னொரு சியோலைட்டுக்கும் இதே ஒப்படர்த்திதான். அதை வடிவத்தால்தான் பிரிக்க முடியும், சவப்பெட்டி போலத் தட்டையாக இருக்கும். ஸ்டில்பைட்டோடு கூடவே வரும் அபோஃபிலைட் என்ற கனிமம் 2.3-க்கு மேல் காட்டும். கடைக்காரர் என்ன சொன்னாலும் அது சியோலைட் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவுக்கு ஒரு நடை போய் வரலாம்.

சரி, கழுவுவது எப்படி? பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், கனிமமே சிதைந்துவிடும். போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை உப்புக் கறை விடும். மெக்கானிக் கடையில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரும் (பேட்டரி ஆசிட் அல்ல, காய்ச்சி வடித்த தண்ணீர்) மென்மையான பிரஷ்ஷும் போதும். ஸ்டில்பைட் ஒரு திசையில் சுலபமாகப் பிளக்கும் என்பதால் அழுத்தித் தேய்க்காதீர்கள். நிழலில் உலர்த்துங்கள். கிடைத்த ஊர்ப் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு பெட்டியில் போடுங்கள். ஊர் தெரியாத கல்லுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறைவு.