கொட்டகையில் நிற்கும் எம்.ஜி. டி.சி. காரைப் புதுப்பிக்காமல் காப்பது எப்படி

திருவாரூர்ப் பக்கத்து வீடு ஒன்றின் பழைய கொட்டகையில், வைக்கோலுக்குப் பின்னால், பல்லாண்டுகளாக ஓடாமல் நிற்கும் எம்.ஜி. டி.சி. கார் ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 மட்டுமே தயாரான, 1250 சி.சி. இன்ஜின் கொண்ட, இருவர் அமரும் திறந்த கார் இது. புதுப்பித்துப் பளபளப்பாக்கிய டி.சி.க்கள் பல நாடுகளில் உள்ளன. முதலில் பூசிய வண்ணமும் முதலில் தைத்த தோலும் அப்படியே இருப்பவை மிகச் சில. ஆகவே இதைக் காப்பதே உங்கள் வேலை, புதிதாக்குவது அன்று.

முதல் நாளில் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், இன்ஜினை இயக்கிப் பார்க்காதீர்கள், டிராக்டரில் கட்டி இழுக்காதீர்கள். பிரேக் இறுகிய சக்கரங்களை இழுத்தால் டயரோடு கம்பிச் சக்கரங்களும் கெடும். நான்கு பக்கமும், அடிப்பாகமும், இருக்கைக்குப் பின்னுள்ள இடமும் தெரியும்படி முதலில் படம் எடுங்கள். இருக்கை இடுக்கில் கிடைக்கும் பழைய ரசீதையும் குப்பை என்று தள்ளாதீர்கள். டி.சி. என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈரம். டெல்டாவில் காருக்கு முதல் எதிரி இதுதான். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்கால்கள் ஓடத் தொடங்கினாலே வண்டல் மண் தரை கசியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரும் ஊறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமானால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். சம்பா அறுவடைக்குப் பின் வரும் மாசி, பங்குனி மாதங்களே வேலைக்கு ஏற்றவை. காற்றோட்டமுள்ள, சிமெண்ட் தரையுள்ள இடத்துக்குக் காரை மாற்றி, அச்சுகளுக்கு அடியில் உறுதியான முட்டுகள் கொடுத்து, சக்கரங்கள் தரையில் படாமல் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் படுதா போர்த்தவே கூடாது, ஏனெனில் அதன் உட்புறத்தில் வேர்க்கும் நீர் நேரே தகட்டில் இறங்கும். பழைய பருத்திப் புடவைகளைத் தைத்துப் போர்த்தினால் போதும்.

டி.சி.யின் உடல் வெறும் தகடு அன்று என்பதை இங்குள்ள பலர் அறிவதில்லை. ஆஷ் என்னும் மரத்தால் செய்த சட்டகத்தின்மீது இரும்புத் தகட்டைப் பொருத்தியிருப்பார்கள். கரையானுக்கு அந்த மரம் நல்ல விருந்து. கதவுகளின் கீல் பின்பக்கத்தில் இருப்பதால், கதவைச் சற்றே திறந்து அதன் நுனியை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள்; கீல் தாங்கும் தூணும் கூடவே அசைந்தால் மரம் உளுத்திருக்கலாம். கோணி ஊசியால் மறைவான இடங்களில் குத்திப் பார்த்து, கரையான் மண்கூடு தெரிந்தால் காரை மட்டுமன்றிக் கொட்டகைத் தரையையும் சேர்த்து மருந்திடுங்கள். உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, ஒட்டுப்போட்டு இணைக்க நல்ல தச்சர் போதும். டிங்கரிங் கடைக்குக் கொண்டுபோனால், தகட்டுக்குள் மரம் இருப்பது தெரியாமல் கேஸ் வெல்டிங் வைத்துவிடுவார்கள். மரம் உள்ளேயே கருகிப்போகும்.

இன்ஜின் இறுகியிருந்தால் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசல் கலந்த எண்ணெயைச் சிறிது ஊற்றி, பத்து நாளாவது ஊறவிடுங்கள். பிறகு முன்பக்கக் கைப்பிடியால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் மறுபடியும் ஊறட்டும். இந்த இன்ஜினில் மரைகள் மெட்ரிக், போல்ட் தலைகளோ விட்வொர்த் என்னும் பழைய ஆங்கிலேய அளவு. மெட்ரிக் ஸ்பேனர் போட்டால் தலை உருண்டுவிடும் என்பதால் விட்வொர்த் ஸ்பேனர் வாங்காமல் எதையும் கழற்றாதீர்கள். மின்னமைப்பு 12 வோல்ட், ஆனால் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையே காரின் இரும்புப் பகுதியோடு இணைந்திருக்கும். பேட்டரியை இக்கால வழக்கப்படி மாற்றி இணைத்துவிடக் கூடாது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்பதால் அவற்றை மாற்றி, கழற்றியவற்றைப் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள்.

வண்ணத்தைப் பொறுத்தவரை மென்மையான தூரிகையும் பஞ்சுத் துணியுமே போதும். தின்னர் பட்டால் பழைய செல்லுலோஸ் பூச்சு கரைந்துவிடும், பளபளப்பாக்கும் காம்பவுண்ட் பசையைத் தேய்த்தால் இருப்பதும் போகும். துருவைச் சுரண்டாமல் மெல்லிய மெழுகு பூசி நிறுத்துங்கள். இருக்கைத் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், நம் ஈரத்தில் பூசணம் பிடிக்கும்.

2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த கார், சேசிஸிலும் உடலிலும் இன்ஜினிலும் பெரும் மாற்றம் இல்லாதிருந்தால்தான் விண்டேஜ் வாகனமாகப் பதிவாகும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். முன்பே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதால், அந்த எண் எழுதிய பலகையின்மீது வண்ணம் பூச யாரையும் விடாதீர்கள்.