டெல்டா விருந்தும் திங்கட்கிழமை வேலையும்

கும்பகோணம், திருவையாறு பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போங்க" என்பார்கள். கிளம்பும்போது மறுத்தால் மனம் நோகும். வந்த அன்றே திரும்பும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு மதியம் இலை போட்டு நிறைவாகச் சாப்பிடுங்கள். இரவுக்குக் கட்டுச்சாதம் கேளுங்கள், உரிமையோடு கேட்பது அவர்களுக்குச் சந்தோஷம். புளியோதரைக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, நன்றாக ஆறிய பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கெட்டுவிடும். தயிர்சாதத்தில் பால் நிறைய, தயிர் உறைக்கு மட்டும்; காலைவரை புளிக்காது.

உழவன் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக இரவோடு இரவாக எழும்பூர் போகிறது. பொங்கல் சமயம் என்றால் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். ஆபீஸ் நண்பர்களுக்குத் திருவையாற்று அசோகா வாங்கலாம், பாசிப்பருப்பில் செய்த இனிப்பு அது. வேலைக்குப் போனதும் விருந்து வைத்த வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்கள்.