நெடுந்தூர இலக்கு றைபிளுக்கு மரப் பிடங்கா, அலுமினியச் சேசிஸா?

திருகோணமலையில் கச்சான் வீசும் மாதங்களில் உலர்ந்து சுருங்கும் மரம், மாரி மழையில் ஈரம் உறிஞ்சி ஊதுவதை வீட்டுக் கதவுகளிலேயே காண்கிறோம். அதே ஊதல் றைபிளின் குழலையும் பொறியையும் தாங்கும் மரப் பிடங்கில் நேர்ந்தால், அதன் முன்பகுதி குழலை ஒரு பக்கமாகத் தள்ளி, நெடுந்தூரத்தில் குண்டு படும் இடத்தையே மாற்றிவிடும்.

றைபிள் வெறுமையாக இருப்பதை உறுதிசெய்தபின், இருபது ரூபாய்த் தாளொன்றைக் குழலுக்கும் பிடங்குக்கும் இடையே செருகி, பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். தாள் எங்கே சிக்குகிறதோ அங்கே மரம் குழலைத் தொடுகிறது. பொறி அசையாது அமர எபொக்சிப் பசையால் படுகையிட்ட கண்ணாடியிழைப் பிடங்குகளில் இத்தொல்லை மிகக் குறைவு.

அலுமினியச் சேசிஸ், அதாவது மரப் பிடங்குக்குப் பதிலாக றைபிளைத் தாங்கும் உலோகச் சட்டகம், ஈரத்தில் ஊதாது. பெரும்பாலும் படுகை வேலையும் தேவைப்படாது. கன்னத் தாங்கியையும் பிடங்கின் நீளத்தையும் சுடுபவரின் உடலுக்கேற்ப நொடியில் மாற்றலாம். ஆயினும் கடற்கரை ஊரில் அதன் பூச்சு கீறுபட்ட இடங்களையும், உருக்குத் திருகாணிகள் அலுமினியத்தைத் தொடும் இடங்களையும் உப்புக்காற்று அரிக்கும் என்பதால், அவற்றை அடிக்கடி துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுவது அவசியம். நண்பகல் வெயிலில் அது கன்னத்தைச் சுடும் என்பதும் சிறிய விடயமன்று.

எடையையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்: நெடுந்தூர இலக்குச் சுடுதல் போட்டியான எஃப்-கிளாஸின் எஃப்-ரீஆர் பிரிவில் தொலைநோக்கி, இருகால் தாங்கி உட்பட 8.25 கிலோவே உச்சவரம்பு. கனத்த குழலுடன் சேசிஸைப் பொருத்தினால் அதைத் தாண்டுவது எளிது. எஃப்-ஓப்பன் பிரிவில் 10 கிலோ வரை இடமுண்டு. மரத்தின் அழகில் மனம் பறிகொடுத்தவர்கள் மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்த அடுக்கு மரப் பிடங்கைத் தேர்ந்து, உட்புறத்தையும் மறவாமல் மெருகெண்ணெயால் அடைத்துவிடலாம்.