உரியும் ஜாக்கெட், மங்கும் போஸ்டர்: சினிமாப் பொருள் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டியைத் திறந்தால் மதிப்புப் போச்சு என்பது சினிமா கதாபாத்திரங்களின் உருவப் பொம்மைகள் சேர்ப்பவர்களிடையே வேதவாக்காக ஓடுகிறது. இணையச் சந்தையான கேரோசெலில் ‘எம்ஐஎஸ்பி’ என்று போட்டிருந்தால், அதாவது சீல் உடைக்காத பெட்டி என்றால், விலை ஒரு படி ஏறும். குளிரும் வறட்சியுமான ஊர்களில் இந்த விதி ஓரளவுக்குச் சரி. சிங்கப்பூரில் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு.

இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியிலேயே 80 விழுக்காட்டைத் தாண்டும். ஹாட் டாய்ஸ் போன்ற நிறுவனங்களின் 1/6 அளவு உருவங்கள் சுமார் 30 செ.மீ. உயரம் இருக்கும். அவை போட்டிருக்கும் கறுப்பு ஜாக்கெட் பெரும்பாலும் தோலே கிடையாது, துணிமேல் பாலியூரித்தேன் பூசியது. ‘பிளெதர்’ என்பார்கள். ஈரம் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். முதலில் முழங்கை மடிப்பில் மயிரிழை போல் வெடிப்பு தெரியும். அப்புறம் விரல் வைத்தால் பிசுபிசுக்கும். கடைசியில் அப்பளம் மாதிரி நொறுங்கி, கறுப்புச் செதில்களாக உதிர்ந்து, உள்ளே இருக்கும் துணி பல்லிளிக்கும். பெட்டிக்கு வெளியே வைத்தாலும் இது நடக்கும், உள்ளே வைத்தாலும் நடக்கும். உள்ளே நடந்தால் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஏழெட்டு வருடம் கழித்து நல்ல விலைக்கு வாங்கியவர் ஆசையாகத் திறக்கும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும்.

பிவிசி உருவங்களுக்கு வேறு நோய். அந்த பிளாஸ்டிக் வளைந்துகொடுப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள், நாளடைவில் மேலே கசியும். காற்றோட்டமில்லாத பெட்டியில் அது ஆவியாகப் போக வழியின்றி உருவத்தின் மேலேயே படியும், தட்டில் ஒட்டிக்கொள்ளும். சிலர் பதறிப்போய் ஆல்கஹால் போட்டுத் துடைப்பார்கள். பிசுபிசுப்போடு பெயின்ட்டும் வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பிரஷ் போதும்.

ஆகவே திறந்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்து மடிப்புகளைப் பாருங்கள். உருவத்தின் கையை உடம்போடு ஒட்டி வைக்காமல் சற்று அகட்டி நிறுத்துங்கள். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினெட் வாங்க வசதி இருந்தால் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வையுங்கள். வசதி இல்லையென்றால் ஈரமானி ஒன்றாவது அலமாரிக்குள் இருக்கட்டும். எண்ணைக் கண்ணால் பார்த்தால்தான் நம்மவர்களுக்கு உறைக்கும்.

வீவக வீட்டில் இடம் இல்லாதபோது எல்லாம் போய்ச் சேருகிற இடம் பாம் ஷெல்டர். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இருக்கும் அந்தக் கான்கிரீட் அறையில் வெயில் படாதுதான், ஆனால் காற்றும் வராது. சுவரோடு ஒட்டி அடுக்கிய அட்டைப் பெட்டிகளின் பின்பக்கம் முதலில் பூஞ்சை பிடிக்கும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள், தரையில் நேரடியாக வைக்காதீர்கள். இன்னொன்று, தேர்ஸ்டி ஹிப்போ டப்பாக்களைப் பெட்டிகளின் மேல் வைக்கும் பழக்கம். அதற்குள் இருக்கும் கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுத்துத் தண்ணீராகச் சேர்த்துவைக்கும். நிரம்பிய டப்பா ஒன்று சரிந்தால் அந்த உப்புத் தண்ணீர் அட்டை, துணி, உலோக மூட்டு எதையும் விடாது. டப்பாவைத் தரையில், தனித் தட்டில் வையுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர் எல்லாவற்றையும் தடுக்கும் என்று நினைக்காதீர்கள், அதில் பெரும்பகுதி உள்ளே வரும். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் சாகும், நீலம் பிடிவாதமாக நிற்கும். லிட்டில் இந்தியாவில் பழைய முடிதிருத்தும் கடை வாசலில் ஒட்டியிருக்கும் ஹேர்ஸ்டைல் படங்களில் எல்லோரும் நீல முகத்தோடு சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேற்கு பார்த்த ஹாலில் மாட்டிய போஸ்டருக்கும் அதே கதிதான்.

போஸ்டர் என்று வந்துவிட்டதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏமாறுகிறவர்கள் அதிகம் இங்கேதான். ‘ப்ரியா’ (1978), ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) போன்ற படங்கள் இந்த ஊரில் படமானவை என்பதால் நமக்கு அவற்றின் மேல் தனிப் பாசம். அந்தப் பாசத்துக்கு விலை வைக்கத் தெரிந்தவர்களும் உண்டு. அசல் போஸ்டர் என்று ஒருவர் நீட்டினால் முதலில் அளவு பாருங்கள். இந்திய போஸ்டர் வழக்கமாக 30×40 அங்குலம். ஹாலிவுட் போஸ்டர் என்றால் 27×40, எண்பதுகளின் நடுப்பகுதிக்கு முந்தையது என்றால் 27×41. சுவரில் மாட்ட வாகாக 24×36 என்றோ 11×17 என்றோ வந்தால் அது அநேகமாக ரசிகர்களுக்காக அச்சடித்தது. அதை வாங்கக் கூடாது என்றில்லை, அந்த விலைக்கு வாங்க வேண்டும்.

அடுத்து, சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் கண்ணில் வைத்துக் கல் பார்ப்பார்களே, அந்த மாதிரி 10 மடங்கு லூப் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் தலைப்பு எழுத்துகளின் விளிம்பைப் பாருங்கள். அசலில் புகைப்படப் பகுதிகள் புள்ளிகளாக இருந்தாலும், ஓவியர் கையால் எழுதிய தலைப்பு பொதுவாக ஒரே நிறமாக, கெட்டியான மையில் விழுந்திருக்கும். பழைய போஸ்டரை ஸ்கேன் செய்து அடித்ததில் எழுத்தும் சேர்ந்து புள்ளிகளாக உடைந்திருக்கும். அப்புறம் மடிப்பு. அந்தக் காலத்து போஸ்டர்கள் மடித்துத்தான் தியேட்டருக்குப் போயின. மடிப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டுங்கள். கண்ணுக்கு மடிப்பு தெரிந்து விரலுக்குத் தெரியாவிட்டால், மடிந்த போஸ்டர் ஒன்றைப் படம்பிடித்து, மடிப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

ஹாலிவுட் படங்களின் தியேட்டர் போஸ்டர்களில் பல, விளக்குப் பெட்டிக்காக இரண்டு பக்கமும் அச்சாகியிருக்கும். பின்பக்கம் அதே படம் இடம் வலம் மாறி, சற்று மங்கலாகத் தெரியும். பின்பக்கம் வெறும் வெள்ளை என்பதற்காக மட்டும் போலி என்று முடிவுகட்ட வேண்டாம், பழையவை ஒரு பக்க அச்சுதான்.

சரி, அசல் கிடைத்துவிட்டது. அதை லேமினேட் செய்து, பலகையில் ஒட்டிக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் மையும் கூடவே வரும். தமிழ்ப்பட போஸ்டர்கள் சுவரில் பசை தடவி ஒட்டி, அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மேல் இன்னொன்று ஒட்டுவதற்காக அடித்தவை. தாள் மெல்லியது, அமிலம் உள்ளது. செல்லோடேப் போட்டால் பழுப்பேறும், புளூ டேக் வைத்தால் எண்ணெய்க் கறை விடும். அமிலமில்லாத அட்டையில், கண்ணாடியில் படாதபடி மவுன்ட் வைத்துச் சட்டமிடச் சொல்லுங்கள். கிழிந்திருந்தால் ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் கொண்டு பின்னால் தாங்கல் கொடுக்கும் காகிதப் பராமரிப்பாளரைத் தேடிப் போவதுதான் முறை. அந்தப் பசையைத் தண்ணீரிலேயே பிரித்தெடுக்கலாம்.

இன்னொரு பெரிய குழப்பம், ‘படத்தில் பயன்படுத்தியது’ என்ற சொல். ஒரு படத்துக்கு ஒரே பொருளைப் பல வகையாகச் செய்வார்கள். குளோசப்புக்கு நுணுக்கமாக ஒன்று, சண்டைக்காட்சிக்கு ரப்பரில் நாலைந்து, தூரத்தில் தெரிய மட்டும் சில. ‘படத்துக்காகச் செய்தது’, ‘திரையில் வந்தது’, ‘அதைப் பார்த்துச் செய்தது’ மூன்றும் வேறு வேறு விலை. திரையில் வந்தது என்றால் கீறல், பெயின்ட் வழிசல், தையல் கோணல் ஆகியவை படத்தின் ஒரு ஃபிரேமோடு பொருந்த வேண்டும். கூட வரும் சான்றிதழை விற்பவரே கணினியில் அடித்திருக்கலாம்.

தயாரிப்பு முறை தெரிந்தால் பாதி மோசடி அங்கேயே அடிபட்டுவிடும். மேக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இந்தியன்’, ‘அவ்வை சண்முகி’ இரண்டும் 1996இல் வந்தவை, இரண்டிலும் சிறப்பு மேக்கப் செய்தவர் மைக்கேல் வெஸ்ட்மோர். இப்படி முகத்தில் ஒட்டும் செயற்கைத் தோல் துண்டுகளின் ஓரம் முகத்தோடு தெரியாமல் கலக்க வேண்டும் என்பதற்காக டிஷ்யூ தாளைவிட மெல்லிதாக இழைத்திருப்பார்கள். மாலையில் கரைப்பான் போட்டுக் கழற்றும்போது அந்த ஓரம் கிழிந்துபோகும். அதனால் மறுநாளுக்குப் புதிய துண்டு. அப்படியிருக்க, ஓரம் துளியும் கெடாத ஒரு துண்டை வைத்துக்கொண்டு நடிகர் முகத்தில் இருந்தது என்று யாராவது சொன்னால், போடாமல் மிச்சமானதா, பிறகு யாரோ வார்த்ததா என்று கேளுங்கள்.

அது அசலாகவே இருந்தாலும் எதால் ஆனது என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். நுரை ரப்பர் என்றால் அதன் ஆயுள் குறைவு. ஈரத்தை உறிஞ்சும், காற்றுப் பட்டு இறுகும், பிறகு பொடியாகும். ‘ஜுராசிக் பார்க்’ (1993) படத்தில் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த சுமார் 40 அடி டைனோசர், மழைக்காட்சியில் தோல் முழுக்கத் தண்ணீரைக் குடித்து, கனம் தாங்காமல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. இடையிடையே துடைத்து உலர்த்தித்தான் படமெடுத்தார்கள். ஒரு மழைக்கே அந்தப் பாடு என்றால், வருடம் முழுக்க நம் ஊர்க் காற்றில் ஒரு முகமூடி என்ன ஆகும்? சிலிக்கோனில் வார்த்தது இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை.

இதோடு ஒட்டிய ஒரு மேட்டிமைத்தனமும் ரசிகர்களிடம் உண்டு: கையால் செய்ததுதான் கலை, கணினியில் செய்தது பொத்தானைத் தட்டிய வேலை என்பது. ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் டைனோசர்கள் திரையில் இருப்பது ஏறத்தாழ 15 நிமிடம், அதில் சுமார் 6 நிமிடம்தான் கணினியில் உருவானது. மிச்சம் பொம்மலாட்டமும் நீரழுத்த இயந்திரமும். எது எது என்று பிரித்துச் சொல்ல இன்றும் பலரால் முடியாது. ஸ்டான் வின்ஸ்டன் 2008இல் இறந்த பிறகு அவருடைய ஆட்கள் தொடங்கிய லெகசி எஃபெக்ட்ஸ்தான் ‘எந்திரன்’ (2010) படத்துக்கு இயந்திர உருவங்கள் செய்தது. அதை ஸ்ரீனிவாஸ் மோகன் மேற்பார்வையில் கணினி வேலையோடு கோத்தார்கள். ஒன்-நார்த்தில் 2014இல் திறந்த சாண்ட்கிராலர் கட்டடத்தில், கணினிக் காட்சிகள் செய்யும் நிறுவனமான இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் 2023இல் மூடுவதாக அறிவிக்கும்வரை, இந்த ஊர்ப் பிள்ளைகளும் அந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் உழைப்புக்கு அலமாரியில் வைக்க ஒரு பொருள் மிஞ்சவில்லை என்பது வேறு விஷயம். அந்த மாதிரி நிறுவனங்களுக்குள் வரைந்த ஓவியம், சோதனை மாடல் என்று யாராவது ரகசியமாக விற்க வந்தால் விலகிவிடுங்கள். பெரும்பாலும் அது விற்பவருக்குச் சொந்தமானதாக இருக்காது.

சட்ட விஷயத்தில் விளையாட வேண்டாம். படத்தில் வந்த துப்பாக்கியின் மாதிரியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் காவல்துறை அனுமதி வேண்டும், பொம்மைதானே என்ற சமாதானம் எடுபடாது. பழைய படங்களில் வில்லன் சுருட்டுப் பற்றவைப்பாரே, துப்பாக்கி வடிவ லைட்டர், அதை இறக்குமதி செய்வதே தடை. வாள், குத்துவாள் என்றாலும் ஆர்டர் போடுவதற்கு முன் விசாரியுங்கள்.

வரியில் ஒரு சின்னக் கணக்கு. பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. 2023 முதல், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் இங்கே பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் இந்த வரியை வாங்குகிறார்கள். பார்சல் எல்லைக்கு வரும்போது சரக்குக் கட்டணம், காப்புறுதி இரண்டையும் சேர்த்துத்தான் மதிப்பைப் பார்ப்பார்கள். 350 வெள்ளிச் சிலைக்கு 80 வெள்ளி சரக்குக் கூலி என்றால் 400ஐத் தாண்டியாயிற்று, எல்லையிலேயே வரி கேட்பார்கள். விற்பனையாளர் ஏற்கெனவே வரி பிடித்திருந்தால் அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கட்ட நேரும்.

முன்பதிவில், திரும்பக் கிடைக்காத முன்பணத்தை ‘என்ஆர்டி’ என்பார்கள். சிலை வர ஒன்றிரண்டு வருடம் ஆவது சகஜம். அதற்குள் கடை இருக்குமா, உங்களுக்கு அந்த ஆசை இருக்குமா என்று யோசித்துக் கட்டுங்கள். விளக்கு எரியும் உருவங்களில் பட்டன் பேட்டரியை உடனே கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்கம்பி அரித்துவிடும்.

கடைசியாகப் பெரிய சிலைகள். நம் ஊர் எக்ஸ்எம் ஸ்டூடியோஸ் செய்வது போன்றவை பாலிஸ்டோனில் வார்த்தவை, ரெசினில் கல்தூள் கலந்தது. கனம் பத்துக் கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், ஆனால் கீழே விழுந்தால் பீங்கான்தான். கண்ணாடித் தட்டு தாங்குமா என்று பார்க்கிறவர்கள்கூட பெட்டியை மறந்துவிடுகிறார்கள். சிலையைவிடப் பெரிய அந்தப் பெட்டியையும் நுரை அச்சையும் இடமில்லை என்று கீழே குப்பை அறையில் போட்டுவிட்டு, வீடு மாறும்போதோ விற்கும்போதோ கையைப் பிசைவார்கள். வேறு பெட்டியில் அது பத்திரமாகப் போகாது. வாங்கும் முன் பெட்டியின் நீள அகலத்தையும் கேட்டு வாங்கி, அதற்கும் இடம் அளந்துகொள்ளுங்கள். திறக்கும்போது, எந்தக் கை எந்தக் குழியில் இருந்தது என்று ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துவிட்டு அப்புறம் வெளியே எடுங்கள்.