இரண்டாம் திரை கன்சோல்: வாங்கும்போதும் கணிக்கும்போதும் செய்யும் தவறுகள்

டிவியில் ஒரு காட்சி, கையிலிருக்கும் திரையில் வேறொரு காட்சி. ஒரே கன்சோல் (டிவியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டி) இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் அது இரண்டாம் திரை விளையாட்டு. டிவியில் வருவதையே அப்படியே கைக்குக் கொண்டுவருவது வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பணம் போடுகிறவர்கள்தான் பிறகு ஏமாந்தோம் என்கிறார்கள்.

பிளேஸ்டேஷன் போர்ட்டல் (2023 நவம்பர்) இரண்டாவது வகை. சோனியின் பிஎஸ்5 கன்சோலில் ஓடும் படத்தை வைஃபை வழியே 8 அங்குலத் திரையில் காட்டுவதற்காக வந்தது. நின்டெண்டோவின் ஸ்விட்ச், ஸ்விட்ச் 2 இரண்டையும் டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) செருகினால் அவற்றின் சொந்தத் திரை அணைந்துவிடும். டிவியும் கைத்திரையும் ஒருசேர எரியாது. கன்சோலோடு பெட்டியிலேயே இரண்டாம் திரையைக் கொடுத்து, கன்சோலின் அடையாளமே அதுதான் என்று சந்தைக்கு வந்தது 2012 நவம்பரில் வெளியான நின்டெண்டோ வீ யூ. அதோடு வந்த 'நின்டெண்டோ லேண்ட்' துரத்தல் ஆட்டத்தில், ஓடுகிறவர் கேம்பேடின் (வீ யூவோடு வரும், திரையுள்ள கைக்கருவியின்) 6.2 அங்குலத் திரையில் முழு வரைபடத்தையும் பார்ப்பார். துரத்தும் நால்வருக்கு டிவியில் தங்கள் கண்ணுக்கு எட்டுவது மட்டுமே தெரியும். அடுத்தவர் பார்க்கக் கூடாததை ஒருவர் பார்ப்பதில்தான் சுவை. இந்த அனுபவம் வேண்டுமென்றால் இன்றும் பழைய வீ யூ தேடுவதுதான் நேர்வழி. உற்பத்தி 2017 ஜனவரியில் நின்றுவிட்டதால், கையில் கிடைப்பதெல்லாம் யாரோ புழங்கியதாகவே இருக்கும். தவறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன.

மின்சாரம்

அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த வீ யூவை அப்படியே நம் வீட்டு பிளக்கில் செருகிவிடாதீர்கள். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும், ஜப்பானியது 100 வோல்ட்டுக்கு மட்டும். லேப்டாப் சார்ஜரைப் போல '100–240' என்று இதில் இருக்காது. இந்தியாவிலும் இலங்கையிலும் சுவரில் வருவது 230 வோல்ட். செருகிய கணத்திலேயே அடாப்டர் போய்விடும்.

இதற்குப் பலர் வாங்குவது பயணிகளுக்கான சின்ன கன்வெர்ட்டர். ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி போன்ற சூடேறும் சாதனங்களுக்காகச் செய்யப்பட்ட மலிவான கன்வெர்ட்டர்கள் மின் அலையை வெட்டித்தான் வோல்ட்டைக் குறைக்கின்றன. மின்னணு அடாப்டர்களுக்கு அது ஆகாது. செம்புச் சுருள் உள்ள கனமான ஸ்டெப்-டவுன் (வோல்ட்டைக் குறைக்கும்) டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கன்சோல் அடாப்டர் வெளியே தருவது 15 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 75 வாட். விளையாடும்போது அதில் பாதியளவுதான் இழுக்கும் என்றாலும், 150 முதல் 200 வாட் டிரான்ஸ்ஃபார்மரே பாதுகாப்பு.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கன்சோலுக்குள் போவது எந்த நாட்டுப் பெட்டியிலும் அதே 15 வோல்ட் நேர்மின்சாரம்தான். ஆகவே ஐரோப்பிய அல்லது பிரிட்டிஷ் அடாப்டர் வாங்கினால் டிரான்ஸ்ஃபார்மரே தேவையில்லை. கேம்பேட் சார்ஜருக்கும் (4.75 வோல்ட், 1.6 ஆம்பியர்) இதே கதை, அதன் மேல் ஒட்டியிருப்பதைத் தனியாகப் படியுங்கள். வீ யூவுக்கு முன் வந்த பழைய வீ கன்சோலின் அடாப்டர் 12 வோல்ட், இதற்குப் பயன்படாது.

கேம்பேட் இல்லாத பெட்டி

விலை குறைவென்று கேம்பேட் இல்லாமல் கன்சோலை மட்டும் வாங்குவது மிகப் பெரிய தவறு. முதல்முறை அமைப்பதற்கும், செட்டிங்ஸ் திறப்பதற்கும் கேம்பேட்தான் வேண்டும். பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்றால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது கடைகளில் தனியாக விற்கப்படவே இல்லை, ஜப்பானில்தான் விற்றார்கள். அந்த ஜப்பானிய கேம்பேட் அமெரிக்கக் கன்சோலோடு ஒழுங்காக இணையாது. டிஸ்க்குகளும் அப்படியே: எந்த மண்டலத்துக் கன்சோலோ அந்த மண்டலத்து டிஸ்க்தான் ஓடும். கன்சோல், கேம்பேட், டிஸ்க் மூன்றும் ஒரே மண்டலமா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

இணைப்பது எளிது. கன்சோலின் முன்புற சிங்க் பட்டனையும் கேம்பேடின் பின்புற சிங்க் பட்டனையும் அழுத்தினால், டிவியில் சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்கள் ஒரு வரிசையில் வரும். அதே வரிசையில் கேம்பேடில் தொட வேண்டும். விற்பவர் முன்னாலேயே இதைச் செய்து பாருங்கள். டிவி இல்லாமல் 'எல்லாம் வேலை செய்யும்' என்பவரிடம் வாங்காதீர்கள்.

திரையைச் சோதிக்கும்போது அது போன் திரை அல்ல என்பது நினைவிருக்கட்டும். அழுத்தத்தை உணரும் வகை. ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான். இரண்டு விரலால் பெரிதாக்க முயன்றுவிட்டு 'டச் போய்விட்டது' என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. நகத்தாலோ உள்ளே செருகியிருக்கும் ஸ்டைலஸாலோ நான்கு மூலைகளிலும் தொட்டுப் பாருங்கள். போனுக்கு ஒட்டும் தடித்த டெம்பர்டு கிளாஸ் ஒட்டினால் நல்ல திரையும் செத்ததுபோல நடந்துகொள்ளும். மெல்லிய பிலிம்தான் சரி.

பேட்டரி 1,500 மில்லி ஆம்பியர் மணி. புதிதாக இருந்தபோதே மூன்று முதல் ஐந்து மணிநேரம்தான் தாங்கும். பின்மூடி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் பேட்டரியை மாற்றுங்கள். நின்டெண்டோவே வெளியிட்ட 2,550 அளவு பேட்டரி அதே குழிக்குள் உட்காரும்.

இரண்டாவது கேம்பேட் தேட வேண்டாம். ஒரு கன்சோலில் இரண்டு கேம்பேட் ஓடும் என்று 2012-இல் அறிவித்தார்கள்; அதைப் பயன்படுத்திய ஆட்டம் ஒன்றுகூட வரவில்லை.

நினைவகமும் ஹார்டு டிஸ்க்கும்

வெள்ளை நிற 8 ஜிபி பதிப்பில் அமைப்பு முடிந்தபின் மிஞ்சுவது 3 ஜிபி அளவு. 32 ஜிபி பதிப்பில் 25 ஜிபி அளவு மிஞ்சும். நீண்ட காலம் இயக்காமல் கிடந்த சில கன்சோல்களில் உள் நினைவகமே பழுதாகி 160-0103 என்ற பிழை எண் வருகிறது. சாதாரண ரீசெட்டில் தீராத கோளாறு இது. வாங்கும்முன் செட்டிங்ஸ் வரை போய், ஒரு டிஸ்க்கும் போட்டுச் சில நிமிடம் ஓட விடுங்கள்.

இடம் போதாமல் பென் டிரைவ் செருகுவதும் தவறு. ஓயாமல் எழுதுவதை அது நெடுநாள் தாங்காது. ஹார்டு டிஸ்க்தான் நல்லது, 2 டிபி வரை. ஆனால் ஒவ்வொரு யுஎஸ்பி துளையும் தருவது 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. சிறிய ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிட அதிகம் கேட்கும். முதல் வாரம் ஓடும், பிறகு ஆட்டத்தின் நடுவே காணாமல் போகும். இரண்டு துளையில் செருகும் ஒய் கேபிள் போடுங்கள், அல்லது தனி மின்னிணைப்புள்ள டிஸ்க் வாங்குங்கள். கன்சோல் அதைத் தன் முறைக்கு ஃபார்மேட் செய்துகொள்ளும், உள்ளே இருந்ததெல்லாம் அழியும். வேறு கன்சோலில் அதைச் செருகி விளையாடவும் முடியாது.

டிஜிட்டலாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். நின்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப்பில் விற்பனை 2023 மார்ச்சில் நின்றது, ஆன்லைன் ஆட்டம் 2024 ஏப்ரலில் நின்றது. இனி டிஸ்க்கும் வீட்டு ஆட்களும்தான்.

அலைவரிசை

கேம்பேட் பேசுவது 5.2 கிகாஹெர்ட்ஸில், ரவுட்டர் வழியாக அல்ல, கன்சோலோடு நேராக. படம் திக்கினால் இணைய வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கன்சோலை உலோக ஷெல்ஃபுக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ ஒளித்து வைப்பதுதான் பெரும்பாலும் காரணம். திறந்த இடத்தில் எட்டு மீட்டர் அளவுக்கு எட்டும். நடுவே செங்கல் சுவர் வந்தால் அந்தக் கணக்கு செல்லாது. பக்கத்தில் ரவுட்டர் இருந்தால் அதன் 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை 149 அல்லது அதற்கு மேல் மாற்றிப் பாருங்கள். கன்சோல் இணையத்துக்குப் போவது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் என்பதால், அதை ரவுட்டரில் அணைத்துவிடாதீர்கள்.

போர்ட்டலில் நிலைமை தலைகீழ்: எல்லாம் ரவுட்டர் வழியேதான். பிஎஸ்5-ம் வைஃபை, போர்ட்டலும் வைஃபை என்றால் ஒரே படம் காற்றில் இருமுறை போகிறது, திக்குகிறது. பிஎஸ்5-ஐ லேன் கேபிளால் ரவுட்டரில் கட்டிவிட்டாலே பாதித் தொல்லை தீரும். ரெஸ்ட் மோடில் இணைய இணைப்பு நிலைக்கவும், நெட்வொர்க் வழியே கன்சோலை எழுப்பவும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் போர்ட்டல் பழுது என்பவர்கள் நிறைய.

புது கன்சோலைக் கணிப்பதில்

வீ 10 கோடிக்கு மேல் விற்றது. வீ யூ விற்றது 1.356 கோடி. இதைப் பார்த்து 'இரண்டாம் திரை மக்களுக்குப் பிடிக்கவில்லை' என்று முடிவுகட்டுவது சோம்பேறிக் கணிப்பு. நின்டெண்டோவின் இரு திரை கொண்ட கையடக்கக் கன்சோல் டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறதே.

வேறு காரணங்களைப் பாருங்கள். வீ யூவின் 2011 அறிமுகத்தில் கேம்பேடையே முன்னிறுத்தினார்கள்; பழைய வீக்கு வந்த புதிய துணைக்கருவி இது என்று பலர் நினைத்தார்கள். திரையின் விலை ஒவ்வொரு பெட்டியிலும் ஏறியது: 300, 350 டாலர். பிற நிறுவனங்கள் ஒரே ஆட்டத்தை மூன்று கன்சோலுக்குச் செய்யும்போது, ஒன்றில் மட்டும் உள்ள திரைக்காக ஆட்டத்தை மாற்றி எழுதமாட்டார்கள். வரைபடத்தையும் ஆட்டத்தில் சேர்த்த பொருட்களின் பையையும் அதில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 2014 ஜனவரியில் நின்டெண்டோ வீ யூவின் அந்த நிதியாண்டு விற்பனைக் கணிப்பை 90 லட்சத்திலிருந்து 28 லட்சமாகக் குறைத்தது.

எனவே அடுத்து எந்தக் கன்சோல் இரண்டாம் திரையோடு வந்தாலும் திரையின் தரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தத் திரை எல்லாப் பெட்டியிலும் வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா? தனியென்றால், எல்லோரிடமும் இல்லாத ஒன்றுக்காக ஆட்டம் எழுதுபவர் குறைவு. முதல் நாள் வரும் ஆட்டங்களில் எத்தனை, அந்தத் திரையைப் பிடுங்கிவிட்டால் ஓடாது? நின்டெண்டோவே இந்தக் கேள்வியில் தடுமாறியது. அதன் 'பிரெத் ஆஃப் தி வைல்டு' ஆட்டத்தின் கதாநாயகன் கையில் ஒரு பலகைக் கருவி இருக்கும். அதன் இடத்தில் கேம்பேடை வைத்துத்தான் முதலில் யோசித்திருந்தார்கள். 2017-இல் ஆட்டம் ஸ்விட்சுக்கும் வீ யூவுக்கும் ஒன்றாக வந்தபோது, வீ யூ பதிப்பிலேயே அந்த வசதி எடுக்கப்பட்டிருந்தது.