மீன்குளத்துக்கு எந்த ஷீட் வாங்கலாம்?

குலசேகரம், திருவட்டாறு பக்கம் வீட்டுக் கொல்லையில் திலாப்பியாவோ அலங்கார மீனோ வளர்க்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது, குழியில் தண்ணீர் நிற்க விரிக்கும் மலிவான ஷீட்டைத்தான். நானும் சாதாரண நீலத் தார்ப்பாய்தான் விரித்தேன். ஒரே கோடையில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. பழைய ஃபிளெக்ஸ் பேனரும் வேண்டாம். அதில் இருப்பது பிவிசி பிளாஸ்டிக், போதாததற்கு அச்சு மை வேறு. மீன் வாழும் தண்ணீருக்கு அது ஆகாது.

விலைக்கும் உழைப்புக்கும் ஒத்துவருவது, வெயில் தாங்கும் கறுப்பு எச்டிபிஇ (அடர்த்தியான பாலித்தீன்) ஷீட். 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் தடிமன் போதும். ரப்பர் வகையான இபிடிஎம் நன்றாக வளைந்துகொடுக்கும், ஆனால் விலை கூடுதல். அதிலும் கூரைக்கென விற்பதை விட்டு, மீன்குளத்துக்கென்றே கேட்டு வாங்குங்கள்.

அளவு எளிது. நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, கரைக்கு 2 அடி சேருங்கள். அகலத்துக்கும் அப்படியே. 10க்கு 6 அடி, ஆழம் 3 அடி என்றால் 18க்கு 14 அடி ஷீட் வேண்டும்.

நம்மூர்ச் சரல் மண்தான் உண்மையான எதிரி. குழிக்குள் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். காலில் குத்துவது ஷீட்டையும் குத்தும். கல், வேர்முனை எல்லாம் பொறுக்கிவிட்டு, இரண்டு அங்குலம் மணல், அதன்மேல் பழைய அரிசிச் சாக்கு விரியுங்கள். உரச்சாக்கு கூடாது. அப்புறம், தாழ்வான நிலமென்றால் மழைக்காலத்தில் ஊற்றெடுத்து ஷீட்டையே மேலே தூக்கிவிடும். அதனால் மேட்டுப்பாங்கான இடமே நல்லது.

முதலில் நிரப்பிய தண்ணீரை இரண்டு நாள் கழித்துத் திறந்துவிட்டு, புதுத் தண்ணீரில் நாலைந்து கப்பி மீனை மட்டும் விடுங்கள். ஒரு வாரம் அவை துள்ளித் திரிந்தால் மற்றதையும் இறக்கலாம்.